மோஸ்மனா, கிலாராவா? சிட்னிக்குப் புறப்படும் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி: என் கணவருக்கு சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் மக்வாரி பார்க்கில். 482 என்ற தற்காலிக வேலை விசாவில் ஜனவரியில் கிளம்புகிறோம். மகளுக்கு 11 வயது, ஆகஸ்டில்தான் முடிந்தது. மகனுக்கு 6. மாமியாரும் விசிட்டர் விசாவில் வந்து சில மாதங்கள் எங்களோடு இருப்பார். முதல் ஆறு மாதத்துக்கு வாரம் 1,300 டாலர் வரை வாடகையை நிறுவனமே தருகிறது. அதனால் வசதியான ஏரியாவாகவே பார்க்கலாம் என்கிறார் கணவர். மோஸ்மன், வோக்ளூஸ், கிலாரா என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். "அவ்வளவு தூரம் போயும் நம்ம ஆளுங்க இருக்கிற பக்கமே போய் உட்காராதீங்க" என்கிறார் என் அண்ணன். மகளை செலக்டிவ் ஸ்கூலில் சேர்க்க ஆசை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்த ஏரியா எடுக்கலாம்?
— கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சிட்னிக்கு வரும் குடும்பங்களுக்கு வீடும் பள்ளியும் பார்த்துக் கொடுப்பதே என் தொழில். கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, கார் ஓட்டத் தெரியாது என்று, எனக்கு அதுதான் முதல் வரி. உங்கள் கணவர் காலையில் போய் மாலையில் திரும்புவார். அந்த ஏரியாவில் பகல் முழுக்க இருக்கப்போவது நீங்களும் மாமியாரும்தான். மகனைப் பள்ளியில் விட்டு அழைத்து வரப்போவதும் நீங்கள். ஆகவே வீடு உங்கள் கால்களுக்கு எட்டும்படி அமைய வேண்டும். ஸ்டேஷன், பள்ளி, ஒரு காய்கறிக் கடை, ஒரு டாக்டர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பீக்ராஃப்ட் அல்லது செல்டனம் பாருங்கள். அங்கே அமையாவிட்டால் எப்பிங்கில், ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஒரு தனிவீடோ டவுன்ஹவுஸோ எடுங்கள். உங்களிடம் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பீக்ராஃப்டும் செல்டனமும் நூறாண்டு பழைய தோட்ட வீடுகளும் பெரிய மரங்களும் கொண்ட பகுதிகள். வசதியானவர்கள் வாழும் இடங்கள்தான், ஆனால் துறைமுகம் தெரியாது, கடற்கரை கிடையாது. அதனால் ஊர்ப்பெயராக வெளிநாட்டில் அறியப்படவில்லை. பீக்ராஃப்ட் ஸ்டேஷனை ஒட்டியே சூப்பர் மார்க்கெட்டும் சின்னக் கடைவீதியும் இருக்கின்றன. அங்கிருந்து எப்பிங் இரண்டாவது நிறுத்தம். எப்பிங்கில் மெட்ரோவுக்கு மாறினால் மக்வாரி பார்க் அதிலும் இரண்டாவது நிறுத்தம். உங்கள் கணவருக்கு அலுவலகம் போகக் கார் தேவையில்லை. ஒரே கார் போதும், அதுவும் வார இறுதிக்குத்தான் என்றால் வீட்டுச் செலவில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மோஸ்மன் அழகான இடம், அதில் சந்தேகமே இல்லை. பால்மோரல் கடற்கரையும் டரோங்கா மிருகக்காட்சி சாலையும் அங்கேதான். நகர மையத்தின் படகுத்துறையான சர்க்குலர் கீயில் வேலை செய்பவர் என்றால் காலையில் படகில் போகலாம், அப்படிப்பட்டவருக்கு நானே மோஸ்மனைச் சொல்வேன். ஆனால் அங்கே ரயில் இல்லை. மக்வாரி பார்க்குக்கு வர வேண்டுமானால் நெரிசலுக்குப் பேர்போன மிலிட்டரி ரோட்டில் பேருந்து பிடித்து, நார்த் சிட்னியில் இறங்கி, விக்டோரியா கிராஸ் நிலையத்தில் மெட்ரோ ஏற வேண்டும். வோக்ளூஸ் இன்னும் தள்ளி, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். அதற்கும் ரயில் கிடையாது. தினமும் பாலத்தையோ சுரங்கத்தையோ கடந்து நகரின் மறுகோடிக்கு வர வேண்டும். உங்கள் நிலைமைக்கு இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

கிலாராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான யோசனை. ரோஸ்வில், லின்ட்ஃபீல்ட், கிலாரா, கோர்டன், பிம்பிள், டரமரா, வாரூங்கா என்று ரயில் பாதையோடு நீளும் இந்தப் பகுதியை அப்பர் நார்த் ஷோர் என்பார்கள். அமைதி, பெரிய மனை, நல்ல பள்ளிகள் எல்லாம் உண்மை. கிலாரா ஹை ஸ்கூல் நுழைவுத் தேர்வு இல்லாத அரசுப் பள்ளி, மதிப்பெண்ணில் முன்வரிசையில் நிற்கும் பள்ளி. ஆனால் அந்தப் பள்ளி கிலாரா ஸ்டேஷன் பக்கம் இல்லை, ஈஸ்ட் கிலாராவில் இருக்கிறது. அங்கே வீடு எடுத்தால் ஸ்டேஷனுக்குப் பேருந்து அல்லது கார் வேண்டும். ஸ்டேஷன் பக்கம் எடுத்தால் பள்ளி தூரம். தெருக்கள் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், பல தெருக்களில் ஒரு பக்கம் மட்டுமே நடைபாதை, சிலவற்றில் அதுவும் இல்லை. முட்டி வலி உள்ள ஒரு பெரியவர் மாலையில் காலாற நடந்து வர அது தோதான இடமல்ல. கணவரும் சாட்ஸ்வுட் வரை தெற்கே இறங்கி, அங்கே மெட்ரோ மாறி மறுபடி வடமேற்கே வர வேண்டும். இரண்டு கார், இரண்டு ஓட்டுநர் என்று வீடு நிலைபெற்ற பிறகு கிலாரா போகலாம். முதல் வருடத்துக்கு வேண்டாம்.

கார் என்றதும் இன்னொன்று. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் நியூ சவுத் வேல்ஸில் வசித்தால் உள்ளூர் லைசென்ஸுக்கு மாற வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய லைசென்ஸ் இருந்தாலும் எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. அது உங்கள் கணவருக்கும் பொருந்தும். நீங்களும் வந்த முதல் மாதமே லேர்னர் லைசென்ஸ் எடுத்துப் பழகத் தொடங்குங்கள். சிட்னியில் கார் ஓட்டத் தெரிந்த பெண்ணின் வாழ்க்கையும் தெரியாத பெண்ணின் வாழ்க்கையும் வேறு வேறாக இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இனி மகளின் பள்ளி. இங்கேதான் நிறையப் பேர் தவறான கணக்கில் வருகிறார்கள், உங்கள் கடிதத்திலும் அதே கணக்கு தெரிகிறது. செலக்டிவ் பள்ளி என்பது தேர்வு எழுதிச் சேரும் அரசுப் பள்ளி. கார்லிங்ஃபோர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ், பால்கம் ஹில்ஸ் ஹை, நார்மன்ஹர்ஸ்ட் பாய்ஸ், ஹார்ன்ஸ்பி கேர்ள்ஸ், துங்காபி பக்கம் கிராவீன் ஹை எல்லாம் அந்த வகை. முழுமையாகத் தேர்வு வழியே சேர்க்கும் இந்தப் பள்ளிகளில் இடம் வாங்க அந்த ஏரியாவில் குடியிருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கே வீடு எடுத்தாலும் தேர்வு ஒன்றுதான். ஆனால் ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆரோ உள்ள பிள்ளைகளுக்கும் நியூசிலாந்துக் குடிமக்களுக்கும்தான் இடம். 482 விசாவில் இருக்கும்வரை உங்கள் மகளுக்கு அந்தக் கதவு திறக்காது. ஏழாம் வகுப்புக்கான விண்ணப்பம் அதற்கு முந்திய வகுப்பு தொடங்கும் முன்பே, நவம்பரில் திறந்து பிப்ரவரியில் மூடிவிடும், மே மாதம் தேர்வு. எட்டாம் வகுப்பு முதல் காலியாகும் இடங்களுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்பதால், பி.ஆர். வந்த பிறகு முயற்சி செய்ய வழி இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் கனவை வைத்து வீடு தேட வேண்டாம். மகளிடமும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் குழந்தைக்கு அது பெரிய ஏமாற்றம்.

உங்களுக்கு உண்மையில் முக்கியமானது சாதாரண அரசு உயர்நிலைப் பள்ளியின் எல்லை. இங்கே அதை கேச்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு வீட்டு முகவரிக்கும் எந்த ஆரம்பப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி என்று அரசு வகுத்து வைத்திருக்கிறது. எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடும். எதிர்வரிசை வீட்டுப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போவது இங்கே சகஜம். வயதுப்படி உங்கள் மகள் ஜனவரி இறுதியில் தொடங்கும் பள்ளி ஆண்டில் ஆறாம் வகுப்பிலும் மகன் ஒன்றாம் வகுப்பிலும் உட்காருவார்கள். இங்கே ஆறாம் வகுப்பு வரை ஆரம்பப் பள்ளி என்பதால் முதல் வருடம் இருவருக்கும் ஒரே வாசல், உங்களுக்கு ஒரே நடை. ஆனால் அடுத்த ஆண்டே மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அதற்கான படிவம் ஆறாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே கைக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் ஜனவரியில் எடுக்கும் வீட்டின் முகவரிதான் அவளுடைய உயர்நிலைப் பள்ளியையும் முடிவு செய்யும். வீடு பார்க்கும்போது ஆரம்பப் பள்ளியை மட்டும் விசாரிப்பவர்கள் ஒரே வருடத்தில் மறுபடி வீடு மாற நேர்வது இதனால்தான்.

பீக்ராஃப்ட், செல்டனம் பக்கம் செல்டனம் கேர்ள்ஸ் ஹை இருக்கிறது. பெண்களுக்கான அரசுப் பள்ளி, தேர்வு கிடையாது, நல்ல பெயர். எப்பிங், கார்லிங்ஃபோர்ட் பக்கம் கார்லிங்ஃபோர்ட் ஹை. எந்த வீட்டுக்கு எது என்று நான் பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டு முகவர் சொல்வதையும் நம்ப வேண்டாம். கல்வித் துறையின் இணையதளத்தில் ஸ்கூல் ஃபைண்டர் என்ற வசதி இருக்கிறது. வீட்டு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் செய்யுங்கள்.

இரண்டு விஷயங்களை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முடியுங்கள். 482 விசாப் பிள்ளைகளுக்கு இந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் கட்டணம் வாங்குகின்றன, ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்குச் சில ஆயிரம் டாலர். நிறுவனம் அதை ஏற்குமா என்று வேலை ஒப்பந்தம் பேசும் இப்போதே கேளுங்கள், வாடகைக்குப் பேசியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து, தற்காலிக விசாக்காரர்களுக்கான சேர்க்கை அனுமதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே, பள்ளிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி ஆறாம் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவை அதிகமுள்ள பள்ளிகள் முகவரிச் சான்றைக் கறாராகப் பார்க்கும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவற்றுக்குப் புள்ளிகள் கொடுத்து 100 புள்ளி சேர்ந்தால்தான் அந்த எல்லைக்குள் வசிப்பதாக ஏற்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்தையும், நண்பர் வீட்டு முகவரியையும் வைத்து ஒன்றும் நடக்காது.

நார்த் ஷோரின் தனியார் பள்ளிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நாக்ஸ், ஆபட்ஸ்லீ, பிம்பிள் லேடீஸ் காலேஜ் போன்றவற்றின் மேல்வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும், காத்திருப்போர் பட்டியலும் நீளம். இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். வாரம் 1,300 டாலர் என்பது ஆண்டுக்கு 67,600 டாலர். முதல் ஆறு மாதம் நிறுவனம் தருகிறது, ஏழாவது மாதம் உங்கள் கணவரின் சம்பளத்திலிருந்து போகும். வரி போகக் கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் எந்த வாடகை அடங்குமோ அதுவே உங்கள் வாடகை. நிறுவனம் 1,300 தந்தாலும் 1,000 டாலருக்கு ஒத்துவரும் வீடு கிடைத்தால் அதை எடுங்கள். ஆறு மாதம் பெரிய வீட்டில் இருந்துவிட்டுப் பிள்ளைகளை இன்னொரு பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல். மீதியைப் பணமாகத் தர முடியுமா என்றும் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம். கையில் வைத்திருக்க வேண்டியது நான்கு வார வாடகை அளவுக்கு பாண்ட் (காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை), இரண்டு வார முன்பணம். சட்டப்படி அதற்கு மேல் கேட்கக் கூடாது. 1,300 டாலர் வீட்டுக்கு அது 7,800 டாலர். வந்தவுடன் சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட வீடுகளை வாங்கத் தடை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வீடு பார்ப்பது இங்கே சனிக்கிழமை வேலை. கால் மணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள், வரிசையில் நின்று பார்க்க வேண்டும். படம் பார்த்துக் கோவையிலிருந்தே எடுத்துவிடாதீர்கள். கணவர் இரண்டு மூன்று வாரம் முன்னதாக வந்து, எப்பிங்கிலோ மக்வாரி பார்க்கிலோ சர்வீஸ் அபார்ட்மென்டில் தங்கித் தேடட்டும். இந்த ஊரில் வாடகை வரலாறு இல்லாதவர்களுக்கு வேலை ஒப்பந்தம், நிறுவனத்தின் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், கோவை வீட்டு உரிமையாளர் தரும் நற்சான்று ஆகியவை கைகொடுக்கும். விளம்பரத்தில் போட்டதைவிடக் கூடுதல் வாடகை தரச் சொல்லி முகவர் கேட்பது சட்ட விரோதம். நீங்களாக ஏற்றிச் சொல்லவும் வேண்டாம். பன்னிரண்டு மாத ஒப்பந்தமாகப் போடுங்கள். இடையில் காலி செய்ய நேர்ந்தாலும் பயமில்லை, முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் நான்கு வார வாடகை, பாதியைத் தாண்டியிருந்தால் இரண்டு வாரம் என்று அபராதம் குறைந்துகொண்டே வரும். சாவி வாங்கியதும் வீட்டின் நிலை அறிக்கையை ஏழு நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும். சுவரில் உள்ள கீறல் முதல் கம்பளத்தில் உள்ள கறை வரை எல்லாவற்றையும் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள்.

வாசல் பார்ப்பீர்கள் அல்லவா? கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று மாமியார் சொன்னால் தேடலாம், தவறில்லை. ஆனால் பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சரிந்து போகும். குடும்பம் உட்காரும் அறைக்கு வடக்கில் ஜன்னல் இருந்தால் ஜூன், ஜூலை குளிரில் வெயில் உள்ளே வரும். தெற்குப் பார்த்த அறைகள் குளிர்காலம் முழுக்க ஈரமாகவே கிடக்கும், பூஞ்சை பிடிக்கும். பழைய தோட்ட வீடுகள் வெளியே பார்க்க அரண்மனைபோல் இருக்கும், உள்ளே பலகைத் தரையின் இடுக்கில் காற்று வரும். ஹீட்டர் எந்தெந்த அறையில் இருக்கிறது என்று கேட்காமல் எடுக்காதீர்கள். மரம் நிறைந்த இந்தப் பகுதிகளில் ஃபனல்வெப் என்ற கொடிய விஷச் சிலந்தி உண்டு. விஷமுறிவு மருந்து 1981-இல் வந்த பிறகு அதனால் யாரும் இறந்ததில்லை, ஆனாலும் வாசலில் கழற்றிய ஷூவை உதறிப் போட மகனுக்கு முதல் வாரமே பழக்குங்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், துங்காபி, பென்டில் ஹில், ஹோம்புஷ் என்று நம்மவர்கள் கூடி வாழும் பகுதிகளை யாரும் குறைத்துப் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்த ஈழத் தமிழர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்த நம் ஊர்க்காரர்களும் ஒன்றுமில்லாத இடத்தில் கடை, கோயில், தமிழ்ப் பள்ளி என்று கட்டி எழுப்பிய பகுதிகள் அவை. பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுத இந்த மாநிலத்தில் வழி இருப்பதும், வார இறுதி வகுப்புகளை விடாமல் நடத்திய பெற்றோர் இருந்ததால்தான் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. மேற்கே போகப் போக வெயில் அதிகம் என்பது மட்டும் உண்மை. கடல் காற்று அவ்வளவு தூரம் வராது, 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. உங்கள் கணவரின் அலுவலகம் பரமட்டாவில் இருந்திருந்தால் நான் வெஸ்ட்மீடையே சொல்லியிருப்பேன்.

எப்பிங், பீக்ராஃப்ட் பக்கத்தை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயிலுக்கு அங்கிருந்து வார இறுதியில் காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார்லிங்ஃபோர்டிலிருந்து வெஸ்ட்மீட் வரை டிராம் 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிவிட்டது, கார்லிங்ஃபோர்ட் எப்பிங்குக்கு அடுத்த ஊர்தான். மாமியார் தமிழ் பேசும் டாக்டரைப் பார்க்க வேண்டும், முருங்கைக்காய் வாங்க வேண்டும் என்றால் கணவரின் விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் இருவருமே போய் வரலாம். டாக்டர் என்றதும் நினைவு வருகிறது, உங்கள் நால்வருக்கும் மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டம் கிடையாது, மருத்துவக் காப்பீடு எடுத்துதான் வர வேண்டும். மாமியாருக்குத் தனியாக எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதில் என்ன விதி என்று படித்துவிட்டு எடுங்கள்.

செரிபுரூக்கையும் சிலர் சொல்வார்கள். நல்ல ஏரியா, பெரிய வீடுகள், மெட்ரோவும் உண்டு. ஆனால் அந்தப் பெயருள்ள ஸ்டேஷன் ஊரின் தெற்கு ஓரத்தில், காசில் ஹில் ரோட்டில் இருக்கிறது. ஊருக்குள் எடுக்கும் வீடுகளிலிருந்து நடக்க முடியாது. ஸ்டேஷனை ஒட்டி அமைந்தால் மட்டும் பாருங்கள்.

இந்த வாரமே ஆரம்பிக்கலாம். பள்ளிக் கட்டணத்தைப் பற்றி நிறுவனத்துக்கும், இடத்தைப் பற்றி இரண்டு மூன்று ஆரம்பப் பள்ளிகளுக்கும் எழுதிவிடுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தோடு பள்ளி அலுவலகங்கள் மூடினால் ஜனவரி கடைசியில்தான் திறக்கும், அந்த இடைவெளியில் நீங்கள் வந்து இறங்குகிறீர்கள். பள்ளியிலிருந்து பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், எந்தத் தெருக்களில் தேடலாம் என்று சொல்கிறேன்.